சீயக்காய் போட்டுக் கழுவிய இடுப்பு

டாக்டர் என் முழங்காலை அழுத்திப் பார்த்தபோது சேலையிலிருந்து நொச்சித் தைலம் மணத்தது. நாற்பது வருடத்துக்கு முந்தைய காரைக்காலில், இன்னொரு டாக்டர் முன்னால், அம்மா பக்கத்தில் நினைவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நடவு நட்டு நட்டே அம்மாவுக்கு இடுப்பு போயிருந்தது. திருநள்ளாற்று வைத்தியரின் தைலமும் டவுன் டாக்டரின் மாத்திரையும் ஒன்றாக நடந்தன. ஒருவருக்கு மற்றவரைப் பற்றித் தெரியக்கூடாது. டாக்டரிடம் போகும் நாளில் தைல வாசனை போக, சீயக்காய் போட்டு இடுப்பைத் தேய்த்துக் கழுவுவாள். திருநள்ளாறு கிளம்பும்போது பையிலிருக்கும் மாத்திரைகள் அரிசிப் பானைக்குள் போய்விடும்.

வைத்தியர் சொன்ன பத்தியத்தில் புளியும் மீனும் ஆகாது. அந்தப் பத்தியச் சோறு இறங்காமல் அம்மா வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கினாள். வயிறு எரிந்தது, வாந்தி வந்தது.

"சாப்பிட்டுத்தானே மாத்திரை போடுறீங்க?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க."

"இல்லைங்க டாக்டர். வைத்தியர் தைலம் குடுத்துப் பத்தியம் சொல்லிருக்காரு. அம்மா சாப்பிடறதே இல்ல" என்றேன். எனக்கு எட்டு வயது. தொடையில் கிள்ளு விழுந்தது.

டாக்டர் திட்டவில்லை. "தைலம் தேய்ச்சுக்குங்க, வேணாங்கல. ஆனா வயித்துக்குச் சாப்பிட்டுட்டு மாத்திரை போடுங்க."

வெளியே வந்ததும் அம்மா கிள்ளிய இடத்தைத் தடவிவிட்டாள். "நல்லவேளை சொன்னே, போ. கழுவிக் கழுவி எனக்கும் அலுத்துப்போச்சு." அன்று மத்தியானம் மீன் குழம்பு. அம்மா இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டாள்.

"வேற மருந்து ஏதாவது எடுத்துக்கிறீங்களாம்மா?" என் முழங்காலிலிருந்து கையை எடுத்துவிட்டு இந்த டாக்டர் கேட்டார்.

பக்கத்தில் என் மகள் வாயைத் திறந்தாள். என் கை அவள் தொடை வரை போய்விட்டது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "தைலம் போடுறேன் டாக்டர்" என்றேன்.