சரவெடியோடு மலை ஏறியது

ஆண்டைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. நயா பைசா வந்துவிட்டது. கிலோ இன்னும் எங்கள் கடைகளுக்கு வரவில்லை. அந்த மலைப் பயணத்தில் அக்கா கொடுத்தனுப்பிய கருப்பட்டியை வீசைக் கணக்கில் நிறுத்தது நினைவிருக்கிறது. அதை வைத்து ஐம்பதுகளின் கடைசி என்று கொள்கிறேன். மாதத்தில் சந்தேகம் இல்லை. புரட்டாசி. தீபாவளி ஆர்டருக்கு ஆள் போதாமல் சிவகாசி திணறும் மாதம்.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலப்பவர். அந்தச் சித்திரையில் அவர் வேலை செய்த அறை வெடித்தது. அவர் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார். உள்ளே இருந்த இருவரும் போய்விட்டார்கள். அதன்பிறகு யாராவது கதவை அடித்துச் சாத்தினால்கூட அத்தான் சுவரோரம் குந்திவிடுவார். எங்கள் ஊரில் சத்தமில்லாத நாள் ஏது? கல்யாணத்துக்கு வெடி, சாமி புறப்பாட்டுக்கு வெடி, பிணம் எடுத்தாலும் வெடி. ஆனியில் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தன்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் திரும்பவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்குத் தேன் கொண்டுவந்த ஒருவர் சொல்லித்தான், மலைமேல் பளியர் பழங்குடிக் குடியிருப்பில் அவர் இருப்பது தெரிந்தது. அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். "பிள்ள பெறக்குறப்ப அவுக இருக்கணும்டா" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அத்தானின் அண்ணனும் நானும் புறப்பட்டோம். அவரைப் பெரியத்தான் என்பேன். தாயில்பட்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் போர்மேன். பர்மா, சயாம் மலைகளில் நடந்து பழங்குடிக் கிராமங்களைப் பார்த்தவர்கள் எழுதிய பயண நூல்களை நான் நிறையப் படித்திருந்தேன். அவற்றில் ஒவ்வொரு பக்கத்திலும் அருவி விழும். கால் கட்டைவிரல் நகம் பெயர்வதைப் பற்றி யாரும் எழுதியதில்லை.

தோப்புகளைத் தாண்டி ஓடையில் இறங்கி ஏறினால் மறுபடி ஓடை. மழை பெய்து பாறையெல்லாம் வழுக்கியது. அட்டையைப் பிடுங்கிப் போடக்கூடச் சலிப்பாகி, கடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பெரியத்தான் தோளில் ஒரு துணிப்பை. மூச்சு இரைத்தபோதும் அதை அவர் தரையில் வைக்கவில்லை.

"அப்படி என்ன இருக்கு அதுல? குடுங்க, கொஞ்ச தூரம் நான் சுமக்கேன்."

"நீ ஒன்னைய சுமந்துட்டு வந்தாப் போதும், மாப்ளே. பத்து பொஸ்தகம் படிச்சவனுக்கு ஒரு மேடு ஏற முடியல."

உச்சிப்பொழுது தாண்டி ஒரு மேட்டைக் கடந்ததும் கீழே ஐந்தாறு புல் குடிசைகள் தெரிந்தன. ஒரு குடிசை முன்னால் அத்தான் உட்கார்ந்து வள்ளிக்கிழங்கைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. எனக்குக் கால் வலி மறந்தது. பெரியத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியமாக ஓர் ஊருக்குப் போனால், எல்லையில் வேட்டுப் போட்டுத்தான் நுழைவோம். அதுதான் மரியாதை. பெரியத்தான் பையிலிருந்து ஒரு சரத்தை எடுத்து மரக்கிளையில் தொங்கவிட்டதும், தீக்குச்சி கிழித்ததும் யோசித்துச் செய்தவை அல்ல. வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல் கை தானாகச் செய்தது. நான் "ஐயோ" என்பதற்குள் மலை முழுக்க எதிரொலித்தது.

புகை விலகியபோது பாதி சீவிய கிழங்கும் கத்தியும் கிடந்தன. அத்தான் இல்லை.

குடிசைக்குள்ளிருந்து நடுவயதுப் பளியர் பெண்ணொருத்தி வந்தாள். பெரியத்தானை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆனைய வெரட்டுற மாதிரி மனுசன வெரட்டிப்புட்டீகளே!"

"நான் அவன் கூடப்பொறந்த அண்ணன், தாயி."

"அண்ணனா? நான் வேட்டைக்காரவுகன்னுல்ல நெனச்சேன்."

பெரியத்தான் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அவள் எங்களுக்குக் கிழங்கு சுட்டுக் கொடுத்தாள். தேடிப் போக வேண்டாம், போனால் இன்னும் மேலே ஏறிவிடுவார் என்றாள். மழை வந்தது, நின்றது.

வெயில் சாய்கையில் மரங்களுக்கிடையே அத்தான் நின்றார். கிட்டே வரவில்லை.

"அண்ணே, கையில இன்னும் இருக்கா?"

பெரியத்தான் எழுந்து ஓடைக்குப் போனார். மிச்சமிருந்த சரங்களைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். திரியில் ஈரம் பட்டாலே ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடும் போர்மேன் அவர். சிவப்புக் காகிதச் சாயம் ஓடையில் கரைந்து போகும்வரை நிமிரவில்லை. அதன்பிறகே அத்தான் அருகில் வந்தார்.

"அவ எப்படி இருக்கா?"

"ஏழு மாசம்ல. நீ வந்துருலே. கம்பெனி வேல வேண்டாம், சும்மா வீட்டுல இரு."

"வீட்டுலதான அண்ணே சத்தம்."

பிறகு அவரே சொன்னார். "அடிவாரத்துல தோப்புக் காவலுக்குக் கேட்டுருக்கேன். குடிசை தருவாக. அவள அங்கன கூட்டிட்டு வாங்க. மலை ஏற வேண்டாம்."

"தீவாளிக்கு என்னலே செய்வ? அன்னைக்கு அடிவாரமும் வெடிக்குமே."

"அன்னைக்கு மட்டும் இங்கன வந்துருதேன்."

ஐப்பசி பிறக்குமுன் அக்கா அந்தத் தோப்புக்குக் குடிபோனாள். "பட்டாசுக்காரன் பொண்டாட்டி குரங்கு வெரட்டப் போறா" என்று தெருவில் சிரித்தார்கள். "வெரட்டத்தான போறேன், உங்களை மாதிரி வீட்டுக்குள்ள வச்சுக்க இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியேறினாள். கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தபோது அத்தான் குடிசை வாசலிலேயே இருந்தார்.

அதற்கடுத்த தீபாவளியிலிருந்து, அறுபதுகள் பாதி கடக்கும்வரை, ஆண்டுதோறும் அவர்களோடு நானும் மலை ஏறினேன். அக்காவுக்கு முட்டு வலி. பிள்ளையைச் சுமக்க ஆள் வேண்டும். ஒரு தடவைகூட அந்த ஏற்றம் எனக்குப் பழகவில்லை.

பொழுது சாயும்போது மேட்டில் நின்றால், கிழக்கே சமவெளியில் சிவகாசி திசை முழுக்கப் பொறிப் பொறியாக மின்னும். சத்தம் எட்டாது. பிள்ளை என் தோளிலிருந்து இறங்கமாட்டாள். "மாமா, இன்னொண்ணு! அங்கன இன்னொண்ணு!" என்று கைகாட்டுவாள். அத்தான் சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கிழங்கு சீவிக்கொண்டிருப்பார்.