தம்பிக்குத் தலைவர்

எங்கள் கண்ணாடிக் கடையில் அவருக்குக் கால் பாயின்ட் என்று பெயர். வைத்தது நான்தான். முன் அறையில் கண் பரிசோதித்துச் சீட்டு எழுதுவது என் வேலை. பின் அறையில் அந்தச் சீட்டைப் பார்த்து லென்ஸை அரைத்து ஃப்ரேமில் உட்கார வைப்பது அவர் வேலை. இருபத்திரண்டு வருடத்தில் என் சீட்டை அவர் ஒரு நாள்கூடச் சந்தேகப்பட்டதில்லை. எழுத்தில் இருந்தால் அது அவருக்கு வேதவாக்கு. ஆனால் பவரில் கால் பாயின்ட் மாறி லென்ஸ் வந்துவிட்டால், அன்று பின் அறைப் பக்கம் தலைகாட்ட முடியாது. ஒரு தடவை, "கால் பாயின்ட்தானே அண்ணே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பெயர் ஒட்டிக்கொண்டது.

பேசாமல் இருப்பது அவருக்குக் கைவந்த கலை. கோபம் வந்தால்தான் என்றில்லை, சந்தோஷம் வந்தாலும் பேசமாட்டார். வீட்டிலும் அதே கதைதான். மனைவி இருந்தவரை, மகளுக்குச் சொல்ல வேண்டியதை மனைவியிடம் சொல்வார். "அவளைக் குடை எடுத்துக்கச் சொல்லு" என்பார். மகள் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பாள். அந்த அம்மா காய்ச்சலில் படுத்துப் பத்தே நாளில் போய்ச் சேர்ந்தபோது மகளுக்குப் பதினாலு வயது. வீட்டில் இரண்டு பேர் மிஞ்சினார்கள், நடுவில் சேதி சொல்ல ஆளில்லை.

மறு வருடம் அந்தப் பெண் எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். தம்பி என்று பெயர் வைத்தாள். அதற்குப் பிறகு வீட்டுப் பேச்சு மொத்தமும் தம்பி வழியாக நடந்தது.

"தம்பி, அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ஆறுது."

"தம்பி, அக்காகிட்ட சொல்லு, நாளைக்கு நான் வர லேட்டாகும்."

நானே காதால் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

மகளுக்கு வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு அரை நாள் கடை. ஒரு மணிக்குப் பூட்டியதும் மனிதர் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போவார். ஒன்றரைக்கு அவள் வீடியோவில் வருவாள். "தம்பி எங்க? காட்டுங்க" என்பாள். இவர் ஃபோனை நாயின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். அவளுக்குத் தெரிவது நாயின் மூக்கும் இவருடைய கட்டைவிரலும்தான். அவள் நாயிடம் சொல்வாள், மேனேஜர் படுத்துகிறார், தலைமுடி கொட்டுகிறது, பக்கத்து வீட்டுப் பெண் பாட்டுப் பாடியே கொல்கிறாள் என்று. இவர் ஃபோனுக்குப் பின்னால் நின்றபடி எல்லாவற்றையும் கேட்பார். திங்கட்கிழமை காலையில் ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் ஒப்பிப்பார். முடி கொட்டுவதற்கு என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்பார். அவளிடம் கேட்கமாட்டார்.

இப்படியே ஓடியிருக்கும். ஒரு நாள் காலையில் நாய் பூனையைப் பார்த்துவிட்டது. சங்கிலியோடு இவரையும் பதினைந்தடி இழுத்துப் போய்ச் சாக்கடை ஓரத்தில் தள்ளியது. வலது மணிக்கட்டில் கட்டு. சேதி தெரிந்ததும் மகள் நாயிடம் சொல்லாமல் நேராக இவரிடமே சொன்னாளாம்.

"அடுத்த மாசம் கடைசி ஞாயிறு வர்றேன். தம்பியை இங்க கூட்டிட்டு வந்துடறேன். அவன் உங்க பேச்சு கேக்கலப்பா. அடுத்த தடவை இடுப்பு உடையும்."

மறுநாள் பின் அறையில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்லதுதானே அண்ணே. உங்களுக்கும் பாரம் குறையும்" என்றேன்.

"நாய் போயிடுச்சுன்னா, அப்புறம் அவ எதுக்கும்மா எனக்கு ஃபோன் பண்ணுவா?"

கையிலிருந்த சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு முன் அறைக்கு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே பழைய புத்தகக் கடையில் நாய்ப் பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கிவிட்டார். அட்டையில் ஒரு ஆள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறான், பின்னால் மூன்று நாய்கள் பவ்யமாக நிற்கின்றன. நாய் என்பது ஓநாய், வீடு என்பது அதன் கூட்டம், கூட்டத்துக்கு ஒரே தலைவன்தான், நீ தலைவனாகாவிட்டால் நாய் தலைவனாகிவிடும். இதுதான் புத்தகத்தின் சாரம். தலைவன் முதலில் சாப்பிட வேண்டும். வாசலைத் தலைவன்தான் முதலில் தாண்ட வேண்டும். வெளியே போய் வந்ததும் ஐந்து நிமிடம் நாயைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, தொடக் கூடாது.

சீட்டில் எழுதியிருக்கிறதே, விடுவாரா? நாயை எதிரே உட்கார வைத்து அதன் பிஸ்கட்டில் ஒன்றைத் தாமே தின்றார். கடைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே வந்தார். வாடிக்கையாளர் ஒருவர், "மூச்சுப் பிடிப்பா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

மதியச் சாப்பாட்டின்போது அந்த ஐந்து நிமிட விதியைப் பற்றிச் சொன்னார். என் நாக்கு சும்மா இருக்குமா?

"வீட்டுக்கு வந்ததும் யாரையும் பாக்காம பேசாம இருக்கறதுக்கு உங்களுக்குப் புத்தகம் வேற வேணுமா அண்ணே? அந்தப் பாடத்தை நீங்கல்ல எழுதியிருக்கணும்!"

அவர் சிரிக்கவில்லை. டப்பாவை மூடிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். என் வாய்க்குப் பூட்டுப் போட்டால்தான் என்ன என்று அன்று தோன்றியது.

சாயங்காலம் அவராகவே வந்து சொன்னார். "கை முழுக்கக் கண்ணாடித் தூளா இருக்கும்மா. சட்டையிலயும் இருக்கும். அவ சின்ன வயசுல வாசல்லயே நிப்பா, ஏதாவது வரைஞ்சு கையில வச்சுக்கிட்டு. கண்ணுல பட்டுடுமோன்னு பயம். 'அவளைத் தள்ளி நிக்கச் சொல்லு'ம்பேன். தேய்ச்சுத் தேய்ச்சுக் கை கழுவிட்டு வர்றதுக்குள்ள உள்ள போயிடுவா." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வாசலுக்கு வர்றதையே விட்டுட்டா" என்றார்.

இரண்டாவது வாரம் இன்னொரு புத்தகம் வந்தது. இதன் அட்டையில் ஒரு பெண்மணி குட்டியோடு தரையில் உட்கார்ந்திருந்தார். தலைவன், அடங்குவது என்பதெல்லாம் பழைய தப்பு என்றது இது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம், அவ்வளவுதான். அப்பா, அம்மா, குட்டிகள். சோறு போட்டுக் காப்பாற்றுவதால் குட்டிகள் பின்னால் வருகின்றன. வளர்ந்ததும் தனக்கென்று ஓர் இடம் தேடிப் போய்விடுகின்றன. அதில் யாருக்கும் தோல்வி இல்லை. இந்த வரியின் கீழ், லென்ஸில் புள்ளி வைக்கும் பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"ரெண்டும் அச்சுல வந்திருக்கும்மா. ரெண்டுல ஒண்ணு எப்படித் தப்பா இருக்கும்?" என்று கேட்டார்.

இரண்டு நாள் யோசித்து அவர் கண்டுபிடித்த வழியை உலகத்தில் வேறு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. "பைஃபோகல் போட்டுட்டேன்" என்றார். மேலே தூரத்துக்கு ஒரு பவர், கீழே படிக்க ஒரு பவர், கண்ணாடி ஒன்றுதானே. அதுபோல நாய்க்குக் காலையில் முதல் புத்தகம், மாலையில் இரண்டாவது. காலையில் நெஞ்சை நிமிர்த்தி அதட்டல். மாலையில் தரையில் உட்கார்ந்து பிஸ்கட்.

ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். புதிதாகப் பைஃபோகல் போட்டவர்கள் படிக்கட்டில் நின்று முழிப்பார்களே, நாய் அதே முழி முழித்தது. காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து வருவதில்லையாம். மதியம் மூன்று மணிக்கே பிஸ்கட் டப்பா இருக்கும் அலமாரிக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுகிறதாம்.

"ஏதாவது ஒரு கண்ணாடியைப் போடுங்க அண்ணே. பாவம், அதுக்கு ஒரு கண்ணுதான் உங்க மேல இருக்கு, இன்னொண்ணு பிஸ்கட் மேல" என்று சத்தம் போட்டேன்.

முதல் புத்தகத்தை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டார். ஐந்து நிமிட விதியை மட்டும் விடவில்லை. "அது இருக்கட்டும்மா. அது ஒண்ணுதான் எனக்கு வருது" என்றார்.

அதன் பிறகு நாய் மளமளவென்று பழகியது. "இரு" என்றால் உட்காரும். "போ" என்று சொல்லும்வரை எழாது. சங்கிலி தளர்ந்து தொங்க, அவர் பக்கத்திலேயே நடந்தது. மகள் வரும் நாளுக்கு ஒத்திகையும் நடந்தது. மகளாக நடித்தது நான். ஐம்பத்தோரு வயதில் தோளில் பையை மாட்டிக்கொண்டு, படியேறி, "தம்பீ!" என்று கூவிக்கொண்டு உள்ளே வருவேன். நாய் என்னைப் பார்க்கும், அவரைப் பார்க்கும், உட்கார்ந்தே இருக்கும். இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்த ஞாயிறும் வந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கே இருந்தேன். மகள் கீழே முதல் படியில் கால் வைத்ததுமே நாய்க்குத் தெரிந்துவிட்டது. துள்ளி எழுந்தது.

"இரு" என்றார்.

உட்கார்ந்தது. கதவு திறந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவள், "தம்பீ!" என்றாள்.

நாய் வரவில்லை. மடங்கிய காதிலிருந்து வால்நுனிவரை நடுங்கியது, தொண்டைக்குள் அழுதது, ஆனால் இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் முகத்தையே பார்த்தது. அவர் விறைப்பாக நின்றார். ஐந்து நிமிட விதி மகளுக்கும் சேர்த்துத்தான்போல, அவளையும் பார்க்கவில்லை. விரித்த கை விரித்தபடியே அவள் நின்றாள்.

"என்னை மறந்துட்டானா?" என்று கேட்டாள். குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் அவரே நிமிர்ந்து மகளைப் பார்த்துவிட்டார். வாசலில் நிற்கும் அந்த முகத்தை அவருக்குத் தெரியும். ஒரு கணம்தான். "போ" என்றார். சொல் பாதிதான் வெளியே வந்தது, நாய் பறந்துவிட்டது. இரண்டும் தரையில் உருண்டன.

அழுது முடித்துச் சிரித்து முடித்து, நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டபடி அவள் சொன்னாள். "தம்பி, அப்பாகிட்ட சொல்லு. சொன்ன பேச்சு கேக்கற, அதனால நீ இங்கயே இருக்கலாம்னு."

ஜெயித்துவிட்டார். நான் அவரைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"கூட்டிட்டுப் போம்மா" என்றார், நேராக அவளிடம். "அது உன்னைப் பாத்துத்தான் நடுங்குச்சு. நான் பிடிச்சு வச்சிருக்கக் கூடாது."

பிஸ்கட் டப்பாவையும் இரண்டாவது புத்தகத்தையும் அவர்தான் அவள் பையில் வைத்தார். அன்று மாலையே இருவரும் போய்விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு ஒரு மணிக்கு நான் சாவியைக் கையில் எடுத்தேன். அவர் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் அவசரமில்லாத ஒரு லென்ஸை அரைத்துக்கொண்டிருந்தார். ஃபோன் மேஜைமேல் கிடந்தது. ஒன்றரை ஆயிற்று. ஒன்று நாற்பது ஆயிற்று. மெஷினை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கூப்பிடுங்களேன் அண்ணே."

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?"

"தம்பி எங்கன்னு கேளுங்க."

கூப்பிட்டார். உடனே எடுத்துவிட்டாள். "தம்பி, இங்க பாரு, அப்பா!" என்றது குரல். திரை முழுக்க நாயின் மூக்கு, மடங்கிய காது, ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல். இப்போது ஃபோனுக்குப் பின்னால் நிற்பது அவள். நாய் திரையை முகர்ந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, அக்காகிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தார். நிறுத்தினார்.

"தம்பியைப் பாத்துட்டேன்மா. ஃபோனைத் திருப்பு. உன்னைப் பாக்கணும்."

கட்டைவிரல் அசையவில்லை. பிறகு திரையில் தரை ஓடியது, ஜன்னல் ஓடியது, கடைசியில் அவள் முகம் வந்து நின்றது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

அவர் கையை நீட்டித் திரையில் அவள் கன்னத்தைத் தொட்டார். விரல் முழுக்கக் கண்ணாடித் தூள். கை கழுவ அவர் எழுந்து போகவில்லை.