பீரங்கி திரும்பிய பக்கம்

விஜயராணி இதுவரை ஒன்பது போர்க்கப்பல்கள் செய்திருக்கிறார். ஒன்பதும் பித்தளை. ஒவ்வொன்றும் ஒரு கட்டிலைவிடச் சற்று நீளம். ஒன்றுகூடத் தண்ணீரைப் பார்த்ததில்லை. பார்த்தால் நேரே அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

அந்தக் கப்பல்களின் பெயர்களை அவர் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இங்கே நான் எழுதும் அளவுகளும் உள்ளபடியே எழுதியவை அல்ல. மற்றவையெல்லாம் அவர் வாயால் கேட்டவை.

புதுச்சேரியில் பாகூர் கொம்யூனில் சேலியமேட்டுப் பக்கம் அவர் வீடு. அப்பா செல்லப்பனும் அம்மா காசம்மாளும் கரும்பு வெட்டப் போனவர்கள். பத்தாவது முடித்துவிட்டு விஜயராணி ஐ.டி.ஐ.க்கு விண்ணப்பம் போட்டபோது மற்றப் பிரிவுகளில் இடம் முடிந்துபோயிருந்தது. ஷீட் மெட்டல் மட்டும் இருந்தது. தகடு வெட்டுவது, வளைப்பது, ஒட்டுவது. வகுப்பில் இருபத்தொரு பையன்கள், இவர் ஒருத்தி. "ஒரு வாரம் தாங்காது" என்று பேசிக்கொண்டார்களாம். கடைசித் தேர்வில் ஒரு புனலைச் செய்யச் சொன்னார்கள். இருபத்திரண்டு புனல்களிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் ஓரத்தில் கசியாதது இவருடையது மட்டும்தான்.

மூலக்குளத்தில் அரிகரன் என்பவரின் பட்டறையில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிகளுக்கு எஃகுத் தொட்டி, தட்டு, அலமாரி செய்யும் இடம். கரிக்கலாம்பாக்கம், வில்லியனூர் வழியாக ஸ்கூட்டரில் போய்வந்தார். வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம் அரிகரன் ஒரு கட்டு வரைபடங்களோடு வந்து மேசைமேல் பரப்பினார்.

"விஜயா, இத பாரு. கடற்படைக்கு வேலை செய்யற ஆய்வுக்கூடத்திலேருந்து வந்துருக்குது. கப்பல் மாதிரி ஒண்ணு வேணுமாம். முழுக்கப் பித்தளை."

"ஷோகேஸ்ல வைக்கவா சார்?"

"இல்ல. அளந்து பாக்க."

ஏன் அளக்க வேண்டும் என்பது விஜயராணிக்குப் போகப்போகத்தான் விளங்கியது. போர்க்கப்பலின் மேல்தளம் சின்ன மனையில் பெரிய குடும்பம் குடியிருப்பதுபோல. பீரங்கி, ஏவுகணைப் பெட்டி, ரேடார், பேசுவதற்கும் கேட்பதற்கும் ஆன்டெனாக்கள், எல்லாம் அங்கேதான் நின்றாக வேண்டும். எல்லாம் உலோகம். ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை பக்கத்து இரும்பில் பட்டுத் தடுமாறும். சில இரும்பு அந்த அலையை வாங்கித் தானே ஓர் ஆன்டெனாவாக மாறிவிடும். கப்பல் கட்டி முடித்த பிறகு இது தெரியவந்தால் திருத்துவது பெரும்பாடு. அதனால் கப்பலை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கிப் பித்தளையில் செய்து, அலையின் நீளத்தையும் அதே கணக்கில் சுருக்கி முன்கூட்டியே சோதிக்கிறார்கள். கம்ப்யூட்டரும் கணக்குப் போடுகிறது. அது போட்ட கணக்கு சரிதானா என்று பித்தளைக் கப்பல் சொல்லும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கப்பலின் ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டோடு மின்சாரம் தடையின்றிப் போகிற மாதிரி ஒட்டியிருக்க வேண்டும். ஒரு கைப்பிடிக் கம்பி பாதி ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தால் போதும், அளவு முழுவதும் பொய்யாகிவிடும்.

முதல் கப்பலைச் செய்ய ஏழு மாதம் ஆனது. காசம்மாள் ஒருநாள் கேட்டார்.

"கப்பலு செய்றியாமே. யாருடி ஏறுவா அதுல?"

"யாரும் ஏற மாட்டாங்கம்மா. ரேடியோ அலைதான் ஏறி எறங்கும்."

"கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

காசம்மாளுக்கு அது அவ்வளவு திருப்தியாக இல்லை. ஆனாலும் தெருவில் கேட்டவர்களிடம் "எம்பொண்ணு கப்பலு கட்றா" என்றே சொல்லிக்கொண்டு போனார்.

மூன்றாவது கப்பலில்தான் அந்தச் சிக்கல் வந்தது. மாதிரியை மரப்பெட்டியில் வைத்து அனுப்பி இரண்டு மாதம் கழித்து ஆய்வுக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை எடுத்த அளவு நன்றாக இருக்கிறது, புதன்கிழமை எடுத்ததில் ஒரு திசையில் அலையே போகவில்லை, மாதிரியில் ஏதோ ஒட்டு விட்டிருப்பதாகச் சந்தேகிக்கிறோம், மாதிரியைத் திருப்பி அனுப்பவிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அரிகரன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"எங்கனா ஒரு எடத்துல விட்டிருக்குமா விஜயா?"

"விட்டிருக்காது சார்."

"எப்படி அவ்ளோ உறுதியா சொல்ற?"

"ஒவ்வொரு ஜாயின்டும் ஆறினதுக்கப்புறம் மீட்டர் வச்சுப் பாத்துதான் அடுத்தத தொட்டேன். அறுநூத்து நாப்பது ஜாயின்ட். இங்க திருப்பி அனுப்பினா வழியில ஆடி அசைஞ்சு நெசமாவே விட்ரும். நான் அங்கயே போய்ப் பாக்கறேன் சார்."

அதுவரை அவர் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. புருஷன் டேனியல், மோட்டார் பம்பு ரிப்பேர் செய்பவர், விழுப்புரம் ஸ்டேஷன் வரைக்கும் வந்து ரயில் ஏற்றிவிட்டார். பையில் மாற்றுத்துணியைவிடச் சாமான்கள்தான் அதிகம்: மல்டிமீட்டர், சின்ன டார்ச், ஈயம், பித்தளைக் கம்பி, அரம்.

ஆய்வுக்கூடம் நாட்டின் மேற்குக் கரையில். வெட்டவெளியில் ஒரு கல்யாண மண்டப அளவுக்கு உலோகத் தகடு விரித்திருந்தார்கள். அந்தத் தகடுதான் கடல். நடுவில் சுழலும் மேடை, மேடைமேல் அவருடைய கப்பல். தூரத்தில் ஒரு கம்பத்தின்மேல் அளக்கும் கருவி. கப்பலை ஒரு சுற்றுச் சுற்றவிட்டால் எந்தத் திசையில் எவ்வளவு அலை போகிறது என்று கம்ப்யூட்டர் திரையில் கோடு விழும்.

தமிழ் தெரிந்தவர் அங்கே ஜெயசீலன் ஒருவர்தான், இளம் விஞ்ஞானி, திருநெல்வேலிக்காரர். அவர் விஜயராணியை எதிர்பார்க்கவில்லை. பட்டறையிலிருந்து ஆள் வருகிறது என்றதும் நரைத்த மீசைக்காரர் ஒருவரை நினைத்திருந்தாராம்.

விஜயராணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மீட்டரின் ஒரு முனையைக் கப்பலின் அடியில் மாட்டி, மறுமுனையால் முன்மூக்கிலிருந்து ஒவ்வொரு ஒட்டாகத் தொட்டுக்கொண்டே போனார். தொட்ட இடத்திலெல்லாம் மீட்டர் பீப் என்றது. முதல் நாள் முழுவதும், மறுநாள் மதியம் வரை. அறுநூற்று நாற்பதும் பீப்.

"சார், ஒட்டுல தப்பு இல்ல," என்றார்.

ஜெயசீலன் தலையைச் சொறிந்தார். "அப்படின்னா திங்கக்கிழமை நல்லா இருந்தது புதன்கிழமை ஏன் கெட்டுப்போச்சு?"

"ரெண்டு நாளும் கப்பலு ஒரே மாதிரி நின்னுதா சார்?"

"அதே கப்பல்தானேம்மா."

"போட்டோ எடுத்து வச்சிருப்பீங்க இல்ல. காட்டுங்களேன்."

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் படம் எடுப்பது அங்கே வழக்கம். இரண்டு நாள் படங்களையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்தார் ஜெயசீலன். அவர் ஆன்டெனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஜயராணி தான் செய்த பொருளைப் பார்த்தார். அதில் ஒவ்வொரு துண்டும் எப்படி நிற்கும் என்று அவர் விரலுக்குத் தெரியும்.

"பீரங்கி திரும்பிக்கினு இருக்குது சார்."

திங்கட்கிழமைப் படத்தில் பீரங்கிக் குழல் நேரே முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. புதன்கிழமைப் படத்தில் வலப்பக்கமாகத் திரும்பிக் கொஞ்சம் பின்னால் பார்த்தது. உண்மைக் கப்பலில் பீரங்கி சுழலும் என்பதால் மாதிரியிலும் சுழல்கிற மாதிரியே விஜயராணி ஓர் அச்சில் பொருத்தியிருந்தார். கப்பல்மேல் மூடியிருந்த துணியை எடுக்கும்போது யார் கையோ பட்டிருக்க வேண்டும்.

"அதனால அவ்வளவு பெரிய வித்தியாசம் வராதும்மா," என்றார் ஜெயசீலன்.

"அந்தக் குழல் பத்து சென்டி சார். வலப்பக்கம் நிக்கிற ஆன்டெனா இருபது சென்டி. நான்தான் வெட்டி வச்சேன். சரிபாதி நீளத்துல ஒரு பித்தளைக் குச்சிய கிட்ட கொண்டாந்து நிறுத்தினா அதுவும் ஆன்டெனா வேல செய்யாதா?"

ஜெயசீலன் இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஆய்வுக்கூடத் தலைவரை அழைத்துவந்தார்.

பீரங்கியை முன்னால் பார்க்க வைத்துக் கப்பலைச் சுற்றவிட்டார்கள். கோடு வட்டமாக, நன்றாக விழுந்தது. விஜயராணி பீரங்கியை ஐந்து டிகிரி திருப்பினார். மறுபடியும் சுற்று. இன்னொரு ஐந்து. தொண்ணூறில் கோடு லேசாக நெளிந்தது. நூற்றைந்தில் ஒரு பக்கம் குழிந்தது. நூற்றுப்பத்தில் அந்தத் திசையில் கோடே இல்லை, கடித்து எடுத்த பிஸ்கட்போல. நூற்றிருபதில் திரும்ப வட்டமாகிவிட்டது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்னொரு முறை அதே நூற்றுப்பத்தில் வைக்கச் சொன்னார். மறுபடியும் அதே குழி.

யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கம்ப்யூட்டர் கணக்கில் பீரங்கி எப்போதும் முன்னோக்கியே நின்றிருந்தது. கப்பல் கடலில் இறங்கி, ஒருநாள் எதிரியை நோக்கிப் பீரங்கியை அந்தப் பக்கம் திருப்பும்போது, உதவிக்குக் கூப்பிடும் குரல் ஒரு திசையில் போய்ச் சேராது. சுடும் நேரத்தில்தானே அந்தக் குரல் மிகவும் தேவைப்படும்.

"ஒட்டு விடலன்னு இப்ப நம்பறீங்களா சார்?" என்று விஜயராணி கேட்டதை ஜெயசீலன் ஆங்கிலத்தில் சொன்னார். தலைவர் சிரித்துவிட்டார்.

அன்று மாலை கிளம்ப வேண்டியவரை மூன்று நாள் இருக்கச் சொன்னார்கள். ஆன்டெனாவுக்கு வேறு இடம் தேட வேண்டும். மாற்றி மாற்றிப் பொருத்த, கைதேர்ந்த ஆள் வேண்டும்.

அந்த மூன்று நாளும் ஒரே கொல்லையில் வீடு கட்ட வந்த பங்காளிகளின் பேச்சாக இருந்தது என்று விஜயராணி சொன்னார். முதல் இடத்தில் அலை அருமையாகப் போனது. பீரங்கிப் பிரிவுக்காரர் வந்து, அது சுடும் பாதைக்குள் வருகிறது, முதல் குண்டிலேயே ஆன்டெனா பறந்துவிடும் என்றார். இரண்டாவது இடம் ரேடாருக்கு மறைப்பு. மூன்றாவது ஏவுகணைப் பெட்டிக்குப் பின்னால். ஏவினால் அங்கே நெருப்பு அடிக்கும். நான்காவதிலும் ஐந்தாவதிலும் குழி இடம் மாறியதே தவிரப் போகவில்லை.

ஒவ்வொரு முறையும் விஜயராணி பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புதிய இடத்தில் ஒட்டி, மீட்டர் வைத்துப் பார்த்தார்.

ஆறாவது இடம் மாலுமி அறைக் கூரையின் பின்விளிம்பு. குழி பாதியாகக் குறைந்தது. பீரங்கிக்காரர், ரேடார்காரர், ஏவுகணைக்காரர் மூவரும் தலையாட்டினார்கள். மிச்சக் குழியை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது விஜயராணி ஜெயசீலனிடம் கேட்டார்.

"நேராத்தான் நிக்கணுமா சார்? வெளிப்பக்கமா சாய்ச்சு வச்சா பீரங்கிய வுட்டு இன்னும் கொஞ்சம் தள்ளிப்போவுமே."

"சாய்வா ஒட்ட முடியுமா?"

"அடியில ஒரு ஆப்பு சீவி வச்சா முடியும்."

அரத்தால் சின்னப் பித்தளை ஆப்பு ஒன்றை அங்கேயே ராவினார். பதினைந்து டிகிரிச் சாய்வு. பீரங்கியை ஐந்து ஐந்து டிகிரியாக, திரும்பக்கூடிய கடைசி வரைக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எங்கும் குழி விழவில்லை. கடைசிக் கோடு விழுந்ததும் ஜெயசீலன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "அக்கா, சாப்பிடப் போலாமா?" என்றார். அதுவரை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

விஜயராணி ஊர் திரும்பிய பத்தாம் நாள் இரண்டாவது கடிதம் வந்தது. அரிகரன் பட்டறையில் எல்லா மெஷினையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வாய்விட்டுப் படித்தார். மாதிரியில் குறையில்லை, வரைபடத்தில்தான் திருத்தம் செய்யப்படுகிறது, குறையைக் கண்டுபிடித்தவர் மாதிரியைச் செய்தவரே என்று எழுதியிருந்தது. இனி வரும் மாதிரிகளில் சுழலும் ஆயுதங்கள் எல்லா நிலையிலும் சோதிக்கப்படும், சோதனையின்போது அவர் உடனிருக்க வேண்டும் என்றும் இருந்தது. படித்து முடித்துக் கடிதத்தைப் பூட்டிவைத்துவிட்டார். கடற்படை விஷயம், சுவரில் மாட்டக்கூடிய கடிதம் அல்ல அது. "அத்தினி பேர் முன்னால படிச்சாரே, எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு," என்றார் விஜயராணி.

ஐந்து வருடம் கழித்து, சென்னைத் துறைமுகத்தில் போர்க்கப்பல்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். டேனியல் கார் ஏற்பாடு செய்தார். காசம்மாளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வரிசையாக நின்ற கப்பல்களில் ஒன்றை விஜயராணி தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார். சாம்பல் நிறம் பூசியிருந்தது, அவ்வளவுதான். முன்மூக்கின் வளைவும் படிகளின் எண்ணிக்கையும் கைப்பிடிக் கம்பிகளும் அவர் கை செய்தவை.

"இம்மாம் பெருசா?" என்றார் காசம்மாள்.

மேலே ஏறினார்கள். ஒரு மாலுமி, கடலூர்ப் பக்கத்துப் பையன், எல்லாவற்றையும் தமிழில் விளக்கிக்கொண்டு வந்தான். பீரங்கியைத் திருப்பிக் காட்டினார்கள். அது மெதுவாக வலப்பக்கம் திரும்பி, நூற்றுப்பத்தையும் தாண்டிப் போனது. காசம்மாள் அண்ணாந்து கூரைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்தக் கம்பி சாஞ்சிக்கினு கீதே. நிமுத்தி வைக்க மாட்டீங்களா?"

"அது ஆன்டெனாம்மா. சாய்ச்சுதான் வச்சிருக்காங்க."

"இன்னாத்துக்கு?"

"அது எனக்குத் தெரியாதும்மா. டிசைன் பண்ணவங்களுக்குத்தான் தெரியும்."

விஜயராணி அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்தார். டேனியல் அவர் தோளில் கை வைத்து ஒருமுறை அழுத்தினார்.

திரும்பி வரும்போது திண்டிவனம் தாண்டி டீக்கடையில் வண்டி நின்றது. அந்தச் சாய்வு யாருடைய யோசனை என்பதை விஜயராணி அங்கேதான் அம்மாவிடம் சொன்னார். காசம்மாள் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்தப் புள்ளகிட்டயே சொல்லியிருக்கலாமேடி."

"சொல்லக் கூடாதும்மா. நீயும் யாருகிட்டயும் சொல்லாத."

காசம்மாள் மகளின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளங்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் நாலைந்து இருந்தன. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். டீ ஆறிப்போனது. டேனியல் போய் இன்னொன்று வாங்கிவந்தார்.