அண்ணனுக்குக் கோட் மாட்டியவர்கள்

எங்கள் அண்ணன் பிறந்து வளர்ந்தது நெய்வேலி குவார்ட்டர்ஸில். மதுரைப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்த அப்பாவுக்கு மூத்த பிள்ளை. பெர்மனென்ட் வேலை கைக்கு வந்தபோது அதை விட்டுவிட்டு, கலைஞர்களையும் சிந்தனையாளர்களையும் ஆவணப்படம் எடுக்கக் கேமராவோடு கிளம்பினார். கல்யாண வீடியோ எடுத்தாலாவது சோறு கிடைக்கும் என்று உறவெல்லாம் சிரித்தது. வடக்குத்துச் சித்தப்பா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்.

அண்ணனுக்கு ஒரு பிடிவாதம். படத்தில் வருகிறவர் இருக்கிறபடியே இருக்க வேண்டும். வடலூரில் தத்துவம் பேசும் பெரியவர் ஒருவரை எடுக்கப் போனபோது, பிள்ளைகள் அவருக்குப் புதுச் சட்டை மாட்டி உட்கார வைத்திருந்தார்கள். அவர் பழைய பனியனுக்குத் திரும்பும்வரை இரண்டு நாள் கேமராவைத் திறக்காமல் அங்கேயே கிடந்தார் அண்ணன்.

அப்படிப்பட்டவரின் பதினாறாம் நாள் படத்திறப்புக்குச் சித்தப்பா ஒரு பேனர் அடித்தார். ஏதோ அடையாள அட்டைப் படத்தில் ஒட்டிய கோட், டை. கம்ப்யூட்டரில் வெளுத்த முகம். நெற்றித் தழும்பைக் காணோம். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள். "உசுரோட இருக்கையில தண்ணி குடுக்காதவன்தான், செத்ததும் பால் ஊத்த மொத ஆளா வருவான்" என்றார் எதிர் வீட்டு அக்கா.

இந்த முதலாண்டு நினைவு மலரின் அட்டைக்கும் அதே படத்தை அனுப்பினார் சித்தப்பா. வேறு படம் வேண்டுமே. ஊரையெல்லாம் எடுத்தவருக்குத் தன் படம் என்று வேறு ஒன்றுகூட இல்லை. அவருடைய ஹார்ட் டிஸ்க்குகளை ஒரு மாதம் துழாவினேன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டே, கரித்துண்டால் சுவரில் படம் வரையும் குள்ளஞ்சாவடி அம்மா ஒருவரின் பதிவில் கிடைத்தார் அண்ணன்.

"எங்களயே பாத்துகினு இருக்கியே தம்பி, நீ கொஞ்சம் உக்காரு" என்று அந்த அம்மா கேமராவை வாங்கிவிடுகிறார்.

"தலைகூட சீவலையேம்மா."

"என்னிய சீவ வுட்டியா?"

அண்ணன் சிரிக்கிறார். அழுக்கு பனியன், நாலு நாள் தாடி, தழும்பு. அட்டையில் இருப்பது அதுதான்.

"குடும்ப மானம் என்னாகும்மா? நாலு பேரு பாக்கறதில்லையா?" என்று போனில் கொதித்தார் சித்தப்பா.

"பாக்கத்தான் போடுறேன் சித்தப்பா."

கடைசி நாட்களில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு அண்ணனைத் தூக்கிச் சுமந்த எங்கள் பிளாக் நண்பர்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த எதிர் வீட்டு அக்காவுக்கும், அந்தக் குள்ளஞ்சாவடி அம்மாவுக்கும் குடும்பத்தின் நன்றி. பேனரில் நின்ற கோட்டுக்காரருக்கு மாலை போட்டவர்களுக்கு நான் நன்றி சொல்வதற்கில்லை. அவர் எங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை.