போன மாதச் சாட்சி

சபையில் அவளைப் பேனாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும் தேவை யாருக்கும் வந்ததில்லை. வேலை, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸை வெட்டி, ஓரம் தேய்த்து, கீறல் விழாமல் பொருத்த வேண்டும். முதலாளி ஒருமுறை அவளை முன்னால் நிற்கவைத்து, வருகிறவர்களோடு பேசச் சொல்லிப் பார்த்தார். பேனாக்கா வாயைத் திறப்பதற்குள் வந்தவர் எதிர்க்கடையில் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதோடு பின்னறையே கதி.

பேச்சுதான் வராது, எழுத்து வரும். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்ல முதன்முதல் அவள் முறை வந்தபோது, மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். எழுதி வைத்திருந்த காகிதத்தைப் போதகரிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் வாசித்து முடித்தபோது பாதிச் சபை மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. "உனக்கு ஆண்டவர் கையைக் குடுத்திருக்காரும்மா. அதை மடக்கி வச்சுக்காதே" என்றார் போதகர். வேறு யாராவது என்றால் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவள் அதைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டாள். அவள் சுபாவம் அப்படி.

அன்றிலிருந்து சபையின் மாதப் பத்திரிகையில் சாட்சிப் பக்கம் அவளுடையது. சுகம் பெற்றவர்கள், வேலை கிடைத்தவர்கள் வந்து கதையைச் சொல்வார்கள், அவள் எழுதுவாள். ஆனால் கேட்டவுடன் எழுதமாட்டாள். கட்டில் ஓரம் முழங்காலில் நின்று, முதல் வரி வரும்வரை சும்மா இருப்பாள். வராவிட்டால் பேனா மூடியைக் கழற்றுவதில்லை. "நானா எழுதினா அது என் எழுத்து. கேட்டு எழுதினாத்தான் ஊழியம்" என்பாள். "பேனாக்கா இன்னும் முழங்கால்லயா? அப்ப பத்திரிகை அடுத்த வருஷந்தான்" என்று இளவட்டங்கள் கிண்டல் செய்யும். அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்தப் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது. அச்சகத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். அதனால், ஜெபித்த காரியங்களை நடந்து முடிந்ததாகவே எழுதிவிடுவார்கள். போதகர் அதற்கு 'விசுவாச எழுத்து' என்று பெயர் வைத்திருந்தார். பத்திரிகை கைக்கு வருவதற்குள் பாதிக்கு நடந்துவிடும். நடக்காத பாதியை யாரும் கிளறுவதில்லை. மறதி என்பதும் ஒரு வரம்தான், அது எங்கள் சபைக்குத் தாராளமாகவே அருளப்பட்டிருக்கிறது என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று.

இந்த வழக்கத்துக்குள்தான் அவள் தம்பி வந்து மாட்டினான். அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். வேன் ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் வலிப்பு வந்து விழுந்தான். கொஞ்ச நாள் கழித்து வீட்டு வாசலில் மறுபடியும். மருத்துவர் மாத்திரை கொடுத்து, ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது என்றார். வேன் முதலாளி நல்ல மனிதர், அதே சபைக்காரர். வேலையை விட்டு நீக்காமல், வேன் கழுவும் வேலையைக் கொடுத்தார். குழந்தைகள் 'டிரைவர் மாமா' என்று கத்திக்கொண்டு ஏறும் வேனை வாளியும் துணியுமாகத் துடைத்துக்கொண்டு நின்றவன், வீட்டுக்கு வந்தால் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்குத் தாங்கவில்லை. தூக்கி வளர்த்த பிள்ளை அவன்.

உபவாச ஜெபத்தில் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். மறுநாளே போதகர் கடைக்குப் போன் செய்தார். "பிரஸ்ல காத்துக்கிட்டு இருக்காங்கம்மா. தம்பியோட சாட்சியைச் சீக்கிரம் குடுத்துடு." பின்னறையில், தேய்க்கிற இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றபடி ஒரு பில் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். பூரண சுகம் பெற்றான், இனி அந்த வியாதி அவனைத் தொடாது என்று வரிகள் தடதடவென்று வந்து விழுந்தன. அன்றைக்கு முழங்காலுக்கு ஓய்வு. தம்பி விஷயத்தில் கேட்பதற்கு என்ன இருக்கிறது, நல்லதுதானே என்று நினைத்தாள். நினைத்ததாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள் என்பதுதான் சரி.

பத்திரிகை வந்தது. வேன் முதலாளி படித்துவிட்டுக் கண்கலங்கிப் போய், அன்றே சாவியைத் தூக்கித் தம்பி கையில் கொடுத்துவிட்டார். மருத்துவரிடம் சீட்டு வாங்கி வா என்று கேட்கவே அவருக்குத் தோன்றவில்லை. பத்திரிகையிலேயே வந்துவிட்டதே!

வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளும் தம்பியும் தம்பி மனைவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேனில் ஒரு வாண்டு செய்த சேட்டையைத் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான். "அவன் ஷூவைக் கழட்டி ஜன்னல் வழியா..." என்றவன் அப்படியே உறைந்துபோனான். கை சோற்றில் இருந்தது, கண் சுவரில் இருந்தது, உதடு மட்டும் எதையோ மென்றது. ஒரு பெருமூச்சு விடும் நேரம்தான். பிறகு, "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றான். ஷூ என்ன ஆயிற்று என்பதே அவனுக்கு நினைவில்லை.

அவன் கைகழுவப் போனதும் தம்பி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள் பேனாக்கா. "மாத்திரை போடுறானா?"

"நிறுத்திட்டாரு அண்ணி. சுகமானப்புறம் மாத்திரை போட்டா அவிசுவாசமாம். நீங்க எழுதினதைத்தான் எடுத்துக் காட்டுறாரு."

அவள் பாதிச் சோற்றோடு எழுந்தாள். அறைக்குள் போய் அவனிடம் கேட்டாள். கெஞ்சிப் பார்த்தாள். "இப்ப நீ ஒரு மாதிரி ஆயிட்டேடா. நான் என் கண்ணால பார்த்தேன்."

"யோசனையில இருந்திருப்பேன். ஏன்க்கா, நீயே எழுதிட்டு நீயே சந்தேகப்பட்டா எப்படி? அதைப் படிச்சுத்தான் நான் மனுஷனானேன். திரும்ப என்னை வேன் கழுவக் குழாயடிக்கு அனுப்பிடாதே."

அதற்கு மேல் அவள் என்ன சொல்ல? நேரே போதகர் வீட்டுக்குப் போனாள். அவரும் பொல்லாதவர் இல்லை. ஊர்க் கவலையெல்லாம் தூக்கிச் சுமந்து தோள் இறங்கிப்போன மனிதர். சுகம் என்ற சொல் பொய்யாகிவிட்டால், படுக்கையில் கிடக்கிறவர்களிடம் போய் என்ன சொல்லி ஜெபிப்பது என்ற பயம் அவருக்கு. "விசுவாசத்துல எழுதினது பொய் இல்லம்மா. பிசாசு உன்னைக் கலங்க வைக்கிறான். மறுப்பெல்லாம் போட்டா சபையே சிதறிடும். பொறுமையா இரு, அடுத்த மாசம் பார்க்கலாம்."

"நாளைக்குக் காலையில வேன் போகும் ஐயா" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபிக்கிறாரா, அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை.

சாயங்காலம் கட்டில் ஓரம் முழங்காலில் நின்றாள். ஆண்டவரே, எழுத வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லும் என்று மன்றாடினாள். இத்தனை வருஷத்தில் எழுத அனுமதி கேட்டிருக்கிறாளே தவிர, விடுதலை கேட்டதில்லை. அழுதாள். தம்பி வேன் கழுவுவதும், பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்ப்பதும் மாறி மாறி மனதுக்குள் வந்தன. முதல் வரி வந்துவிட்டது. வந்தும், பேனாவைத் தொட அவளுக்கு மனமில்லை. கீழ்ப்படிவது இத்தனை கசக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடைசியில் எழுதினாள்: 'போன மாதச் சாட்சியில் என் தம்பி சுகம் பெற்றதாக எழுதினேன். அவன் சுகம் பெறவில்லை. நான் பார்க்காததை எழுதினேன்.' இன்னும் இரண்டு பிரதி எடுத்தாள். ஒன்றைப் போதகர் வீட்டுக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தாள். ஒன்று தம்பிக்கு. அதை அவன் கையில் கொடுக்கத் தைரியம் வராமல் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை, வேன்கள் கிளம்புமுன் ஷெட்டுக்குப் போய் நின்றாள். காகிதத்தை நீட்டினாள். முதலாளி படித்தார், மறுபடியும் முதலிலிருந்து படித்தார். "ஐயோ அம்மா, இந்த ரெண்டு வாரமா முப்பது பிள்ளைங்களை அனுப்பியிருக்கேனே" என்றவர், ஓடிப்போய் வேனிலிருந்து சாவியை உருவிக்கொண்டு வந்தார். வேறொரு டிரைவரைக் கூப்பிட்டார். கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. பெட்ரோல் டின்னை எட்டி உதைத்தார்.

வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி எல்லாவற்றையும் பார்த்தான். கிட்டே வந்தான். அவள் பையிலிருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். படித்தான். கசக்கி எறிவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அது அவளுக்கு இன்னும் வலித்தது.

"இதையும் ஆண்டவர்தான் எழுதச் சொன்னாரா?"

"ஆமாடா."

"அப்ப போன தடவை எழுதினது?"

வேன் கிளம்பியது. உள்ளேயிருந்து தம்பிக்குக் கையாட்ட இன்னும் பிள்ளைகள் ஏறவில்லை, காலியாகத்தான் போயிற்று. அது வளைவில் திரும்பியது. அவள் காகிதத்தைப் பைக்குள் வைத்தாள்.

"என்ன சொல்லிடுவாரோன்னு பயந்து, போன தடவை நான் அவர்கிட்ட கேக்கவே இல்லடா."

அவன் வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.