பூக் கேட்டு விலகிய நாடு

எங்கள் குடும்பம் அப்போது நம்பியது இதுதான்: பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகினால், போலந்துக்காரரும் ருமேனியக்காரரும் எழுந்துபோன இடங்களில் கந்தர்வக்கோட்டைக்காரர்கள் உட்காரலாம். இந்தக் கொள்கையை வகுத்தவள் என் தங்கை செல்வி. தஞ்சாவூர் பஸ்ஸில் பல ஆண்டுகள் நின்றுகொண்டே வேலைக்குப் போய்வந்தவள் என்பதால் அவளுக்கு இதில் அனுபவ அறிவு இருந்தது. “எறங்குறவன் எறங்குனாத்தானக்கா நிக்கிறவன் உக்கார முடியும்,” என்றாள் தொலைபேசியில். நான் மத்திய இங்கிலாந்தின் சிறுநகரம் ஒன்றில் நூலக ஊழியர். இரு தரப்புத் துண்டறிக்கைகளையும் அடிக்கோடிட்டு வாசித்திருந்தேன். அவற்றில் இத்தனை தெளிவான வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

ஊரிலிருக்கும் வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கும் என் கணவருக்கும், விலகுவதா வேண்டாமா என்று 2016இல் நடந்த அந்தப் பொதுவாக்கெடுப்பில் வாக்குரிமை இருந்தது. ஒருகாலத்தில் அவர்கள் எங்களை ஆண்டதற்காகக் கிடைத்த சலுகை. எங்கள் தெருவில் நெடுங்காலமாகக் குழாய் வேலை பார்த்துவந்த போலந்துக்காரருக்கு அது இல்லை. அவர் எங்கள் சமையலறைத் தொட்டியின் அடியில் படுத்தபடி, நீங்கள் எப்படிப் போடப்போகிறீர்கள் என்று கேட்டார். இன்னும் யோசிக்கிறேன் என்றேன். நான் கேட்டு முடிவெடுக்க வேண்டியவர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தார் என்பதை அவருக்கு விளக்குவது கடினம்.

அந்த மே மாத இறுதியில் பள்ளிகளுக்கு ஒருவார விடுமுறை. செல்வி கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்காக நானும் பன்னிரண்டு வயது மகள் இனியாவும் கந்தர்வக்கோட்டைக்குப் போயிருந்தோம். மறுநாள் காலை செல்வி எங்களை முந்திரிக்காட்டு அய்யனார் கோயிலுக்கு அழைத்துச் சென்றாள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன்: வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன் போடுவார்கள், ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பெண் பார்ப்பது, கிணறு வெட்டுவது, அறுவைச் சிகிச்சை எல்லாம் எங்கள் பக்கத்தில் இப்படித்தான் தீர்மானமாகும்.

“என்ன காரியம்மா?” என்றார் பூசாரி.

“நாட்டு விசயங்க. வெலகுறதா, சேந்து இருக்கிறதான்னு.”

“எந்த நாடு?”

“இங்கிலாந்துங்க.”

பூசாரி இலையை மடித்துக்கொண்டே சற்று யோசித்தார். “அங்கிட்டு நம்ம சாமிக்குப் பாத்தியதை கெடையாதே. சரி, கேட்டுப் பாப்பம். வெள்ளை வந்தா வெலகலாம்.”

கேள்வி என்னவென்று இனியாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் எதிரே இருந்த மண்குதிரையின் பல்லைப் பார்த்தபடியே கையை நீட்டி ஒன்றை எடுத்தாள். வெள்ளை நந்தியாவட்டை. செல்வி அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அய்யனார்மேல் பழிபோட எனக்கு விருப்பமில்லை. செல்வியின் மகன் பிரபு அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அவனை எப்படியாவது கரைசேர்க்க வேண்டுமென்று அவள் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் அதுவே ஆசை. சிவப்பு வந்திருந்தால் இன்னொருமுறை கட்டச் சொல்லியிருப்பேன்.

வாக்களித்தது நல்ல மழை நாளில். என் கணவர் சேர்ந்திருக்கவும் நான் விலகவும் போட்டோம். “ஒன் ஓட்டும் என் ஓட்டும் கழிஞ்சுபோச்சு. நனைஞ்சதுதான் மிச்சம்,” என்றார் அவர். மகளிடம் இதைச் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை.

முடிவு வந்த பிறகு அக்கம்பக்கத்தார் எங்களிடம் கூடுதல் கனிவோடு நடந்துகொண்டார்கள். பக்கத்து வீட்டு முதிய பெண்மணி ஒருநாள் வேலியோரம் நின்று, எப்போது ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். விடுமுறையைக் கேட்கிறார் என்று எண்ணி, டிசம்பரில் என்றேன். அவ்வளவு சீக்கிரமா என்று கண்கலங்கினார். டிசம்பரில் தெருவினர் அனைவரும் கையெழுத்திட்ட பிரியாவிடை வாழ்த்தட்டை ஒன்றும் ஒரு பழக்கேக்கும் வந்தன. ஜனவரியில் நான் குப்பைத்தொட்டியை வாசலுக்கு உருட்டி வந்தபோது அவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, கேக் நன்றாக இருந்ததா என்று மட்டும் கேட்டார்.

செல்வியின் கொள்கை பலித்தது என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். போலந்துக்காரர் மனைவியோடு திரும்பிப் போனார். சில ஆண்டுகள் கழித்து, செவிலியர் படிப்பை முடித்திருந்த பிரபு முதியோர் காப்பகம் ஒன்றில் வேலை கிடைத்து எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். அங்கே ஒரு பெரியவர், தினமும் பிரபுவின் தோளைப் பிடித்துக் குளியலறைக்கு நடக்கும்போது, இந்த நாட்டில் அந்நியர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று அவனிடம் வருந்துவாராம். “நீ என்ன சொல்லுவ தம்பி?” என்று என் கணவர் கேட்டார். “ஆமாங்கய்யான்னுதான் சொல்லுவேன் பெரியப்பா. பஸ்ல நிக்கக்கூட எடமில்லையே.”

இனியா நீரியல் பொறியியல் படித்தாள். கடலைத் தடுத்து நிலம் செய்த நெதர்லாந்தில் வேலை பார்ப்பது பதினைந்து வயதிலிருந்து அவள் கனவு. கைப்பேசி வைத்தே டச்சு மொழி கற்றாள். ஆனால் விலகலுக்குப் பிறகு அவளுடைய பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு அங்கே பணி அனுமதி தேவைப்பட்டது. அவளுடைய பள்ளித்தோழிக்கு அயர்லாந்துக்காரப் பாட்டி ஒருவர் இருந்ததால் ஒன்றியத்தில் தொடரும் அந்நாட்டின் கடவுச்சீட்டு கிடைத்து, அவள் ஐரோப்பாவுக்கு எளிதாகப் போய்விட்டாள். “நமக்கு அப்படி யாராவது இருக்காங்களாம்மா?” என்று இனியா கேட்டாள். நினைவுக்கு எட்டியவரை துழாவினேன். எங்கள் வம்சத்தில் அதிகபட்ச வெளியூர் பட்டுக்கோட்டை.

இந்த மே மாதம் அவளும் நானும் மீண்டும் செல்வி வீட்டில் இருந்தோம். செல்வி முற்றத்தில் முந்திரிக்கொட்டை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நெதர்லாந்து நிறுவனத்தின் பதில் இனியாவின் கைப்பேசிக்கு வந்தது. அவளை மிகவும் பிடித்திருந்ததாம். பணி அனுமதி தேவைப்படாத ஒருவர் கிடைத்துவிட்டாராம்.

“விடுடி. அந்த நாடு இல்லாட்டி வேற நாடு.”

“இருபத்தேழு நாடு சித்தி. எல்லாத்துக்கும் ஒரே கதவு. கெழடுங்க ஓட்டுப் போட்டுட்டுப் போய்ச் சேந்துட்டாங்க. எங்கள ஒரு வார்த்தை கேட்டாங்களா?”

“கெழடுன்னு சொல்லாதடி. ஒங்கம்மாவுந்தான் வெலகுறதுக்குப் போட்டா.”

இனியா என்னைப் பார்த்தாள். “இல்லன்னு சொல்லும்மா.”

சொல்லியிருக்கலாம். செல்விக்கு அரசியல் தெரியாது என்று சிரித்து மழுப்பியிருக்கலாம், இனியா நம்பியிருப்பாள். நான் முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். பிரபுவைச் சொன்னேன், கோயிலைச் சொன்னேன், பூவை எடுத்தது அவள்தான் என்பதையும் சொன்னேன்.

அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். “பத்து வருசமா எல்லார்கிட்டயும் என்னை யாரும் கேக்கலன்னு சொல்லிட்டிருக்கேன்,” என்றாள். பிறகு, “கேள்வி என்னன்னு ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ எதை எடுத்திருப்ப?”

“அதத் தெரிஞ்சுக்கத்தானே ஒருத்தர்கிட்ட கேப்பாங்க.”

செல்வி, தான் என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல், ஒரு கை முந்திரிக்கொட்டையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பரப்பினாள்.

பயணச்சீட்டு இருவருக்கும் இருந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு நான் மட்டும் புறப்பட்டேன். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டையைக் காட்டி, அனுமதி கேட்காமல் தங்கவிடும் இடம் தனக்கு இது ஒன்றுதான் மிச்சம் என்று இனியா சொன்னாள். கோபம் இல்லாத குரல். கோபத்தை எனக்குக் கையாளத் தெரியும்.

செல்வி வாரந்தோறும் அழைக்கிறாள். “நல்லா இருக்காக்கா. யாரோ காலேஜ்காரனுங்களோட சேந்து ஏரி ஏரியா அளந்துக்கிட்டுத் திரியிறா. நேத்து குளவாய்ப்பட்டி வரைக்கும் வண்டில போயிட்டு வந்தா.”

“என்னைப் பத்திக் கேட்டாளா?”

“கேக்கலக்கா. கேட்டான்னா ஒடனே போன் போடுறேன்.”

கந்தர்வக்கோட்டையில், பிரபுவுக்கென்று கட்டிய அறையில் என் மகள் இருக்கிறாள். இங்கே மாடியில், அவளுடைய நெதர்லாந்து வரைபடம் ஒட்டியிருக்கும் அறையில், வேலை முடிந்து வந்த பிரபு தூங்குகிறான். அதைக் கழற்றட்டுமா பெரியம்மா என்று ஒருமுறை கேட்டான். வேண்டாம் என்றேன். கீழே நானும் என் கணவரும் இருக்கிறோம்.