கரியமாணிக்கம் சாலையில் உளுந்துக்கொடி

புது வண்டியின் இடது பின்புறம் தரையோடு குந்திவிட்டது. வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஏர் சஸ்பென்ஷனில் காற்று இல்லை என்கிறது திரை. பின்சீட்டில், இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பும் அண்ணன். வேறு வண்டிக்கு மாற்ற முடியாது. மெக்கானிக் நாளைதான் வருவாராம். நாளை வரை காத்திருக்க மாட்டேன்.

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றுகிறேன். வண்டிகள் மிதித்துக் காய்களை உடைக்கட்டும் என்று சாலையில் பரப்பிய உளுந்துக்கொடி, உள்ளே சுற்றிக் காற்றுக்குழாயைப் பிடுங்கியிருக்கிறது.

கொடி பரப்பிய அம்மா எட்டிப் பார்க்கிறார். "இன்னா சார், இம்மாம் பெரிய வண்டி, என் உளுந்துக்கே குந்திக்கிச்சா?"

"சிரிக்காதம்மா, அந்த அருவாளக் குடு."

பிய்ந்த முனையை நேராக அறுத்து, குழாயைத் திரும்பச் செருகுகிறேன். சக்கரத்தை மாட்டி இஞ்சினைப் போட்டதும், அண்ணனோடு சேர்ந்து வண்டி விரற்கடை விரற்கடையாக எழுகிறது.

அந்த அம்மா காலால் கொடியை ஒதுக்கி வழிவிடுகிறார். "நீ ஓரமா போ சார். மிச்சத்த பஸ்ஸு மிதிக்கும்."